மூடியில் இரண்டு ஓட்டைகள்

போன வாரம் டீயோடு வந்த பிஸ்கெட்டைக் கடித்ததும் தூக்கிவாரிப் போட்டது. ரோசின் வாசனை! ஈயம் பற்றவைக்கும்போது எழும் அதே பிசின் புகை. சமையலறைக்கு ஓடினால், மேடைமேல் எங்கள் ரிப்பீட்டர். உள்ளே பிஸ்கெட்.

"உள்ள இருந்த குப்பையெல்லாம் பழைய சாமான்காரனுக்குப் போட்டாச்சு. டப்பா நல்ல எவர்சில்வர்" என்றாள் மனைவி, பெரிய புண்ணியம் செய்துவிட்ட முகத்தோடு.

ரிப்பீட்டர் என்பது வேறொன்றுமில்லை. கையடக்க ரேடியோவின் சன்னக் குரலை ஓர் அலைவரிசையில் கேட்டு, அந்த நொடியே இன்னோர் அலைவரிசையில் உயரத்திலிருந்து திருப்பிச் சொல்லும் பெட்டி. எங்கள் கீழ்வீட்டு வங்காளி மாமி, மாஷிமா, இதை மின்சாரமே இல்லாமல் செய்துவந்தார்.

கட்டியது நானும் சுந்தர்தாவும். பச்சைத் தமிழர்தான், கொல்கத்தாவில் எங்கள் டாலிகஞ்ச் தெருவே வங்காளி வழக்கப்படி 'தா' போட்டதால் எனக்கும் அண்ணன் தா ஆனார், அவர் மனைவி, மன்னி, பௌதி ஆனார். டார்ச் பல்பை ஏற்றும் அளவுக்குத்தான் சக்தி. ஸ்கூட்டர் பேட்டரி போதும், எங்கேயும் தூக்கிப்போகலாம். என் பங்களிப்பு, கேட்க ஓர் ஆன்டெனா, சொல்ல ஓர் ஆன்டெனா என்று மூடியில் போட்ட இரண்டு ஓட்டைகள். அதிலும் ஒன்று கோணல். முதலில் இரண்டு ஆன்டெனாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தொலைத்தோம். தன் சத்தத்திலேயே காது அடைத்துப்போய், பெட்டி வேறு யாரையும் கேட்கவில்லை.

"உங்கள மாதிரியே பண்ணி வெச்சிருக்கேள்" என்றார் பௌதி, கணவரிடம்.

ஊரையே முடக்கிய ஒரு புயலின்போது பௌதி காளிகாட் சந்தில் தங்கை வீட்டில் இருந்தார். சண்டை போட்டுக்கொண்டு போனது. "அந்த டப்பாவையே கட்டிண்டு அழுங்கோ!" என்றவர், ஒரு ரேடியோவைப் பையில் போட்டுக்கொள்ள மறக்கவில்லை.

மறுநாள் காலை போனெல்லாம் செத்துக் கிடந்தது. காளிகாட்டில் பழைய வீடொன்று இடிந்துவிட்டதாகப் பால்காரர் சொல்லிவிட்டுப் போனார். சுந்தர்தா மழையில் நனைந்தபடி ஓடிவந்தார். டப்பாவை மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி மேல் ஏற்றி, பூஜைப் பந்தல் மூங்கிலில் ஆன்டெனாக்களைக் கட்டிக் கூப்பிட்டோம். பதில் இல்லை.

கீழே வந்து சோபாவில் விழுந்தவர் தேம்ப ஆரம்பித்தார். மனைவியிடம் ஒரு நல்ல வார்த்தை பேசியறியாத மனிதர். "ரசம் நன்னாருக்குன்னு ஒருநாள் சொன்னதில்லடா. ஈர லுங்கியோட அநாதையா உக்காந்திருக்கேன், கேக்க நாதியில்ல!" இன்னும் சிலவும் சொன்னார், அச்சுக்கு ஆகாது.

பேட்டரியை மிச்சம்பிடிக்க அணைத்து வைத்திருந்த என் ரேடியோவைப் போட்டேன். வீலென்று ஓர் ஊளை! சுந்தர்தா தன் ரேடியோவில் பேச அழுத்தும் பொத்தான் மேலேயே உட்கார்ந்திருந்தார். அத்தனை ஒப்பாரியையும் எங்கள் டப்பா தென்கொல்கத்தாவுக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது, வேறு யாரும் வாய்திறக்க வழியில்லாமல்.

பிடுங்கினேன். உடனே ரேடியோவில் பௌதியின் குரல்.

"பேட்டரிக்காக அணைச்சு வெச்சிருந்தேன். போட்டா உங்க அழுகை. எல்லாம் கேட்டாச்சு. மொதல்ல லுங்கிய மாத்துங்கோ."

பின்னாலேயே அலிப்பூரிலிருந்து வங்காள மொழியில் ஒரு குரல்: "தமிழ் தெரியாது, ஓல்டு மேன். ஆனாலும் புரிந்தது." எங்கள் ரேடியோக் கூட்டத்தில் பதினெட்டு வயதுக்காரனும் ஓல்டு மேன்தான். சுந்தர்தா பேயறைந்தவர்போல என்னைப் பார்த்தார்.

அவர் இப்போது இல்லை. பௌதி பெங்களூரில், மகள் வீட்டில். காலைதோறும் வாட்ஸப்பில் ஒரு ரோஜாப்பூ வருகிறது, பேச்சில்லை. தொட்டி இருந்த இடத்தில் இன்னும் மூன்று மாடி எழுந்துவிட்டது. ரிப்பீட்டரில் டப்பாவும் மூடியின் ஓட்டைகளும்தான் மிச்சம். நேற்றுப் பார்த்தேன். நேரான ஓட்டையில் நுழைந்த எறும்புகள் ஒவ்வொன்றாகக் கோணல் ஓட்டை வழியே வெளியே வந்துகொண்டிருந்தன.