அடுக்களைக்கு வந்த பந்தி

சபையில் அவளை எல்லோரும் வசனக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பாள். தலைவலி என்றால் ஒரு வேத வசனம், பையன் பரீட்சையில் கோட்டை விட்டான் என்றால் ஒரு வசனம், அதிகாரம் எண்ணோடு வந்து விழும். பிரசங்கத்தின் நடுவில் இடம் மறந்துபோனால் போதகரே அவள் பக்கம்தான் கண்ணை ஓட்டுவார்.

பிழைப்புக்கு ஒரு பேக்கரியில் மாவு பிசைகிற வேலை. மாதத்தின் முதல் ஞாயிறன்று ஆலயத்தில் எல்லோருக்கும் பிட்டுக் கொடுக்கும் திருவிருந்துக்கு வேண்டிய அப்பத்தையும் அவள்தான் சுடுவாள். முன்பெல்லாம் கடையில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நான் சுட்டுத் தருகிறேன் என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு அது. மாவு, தண்ணீர், ஒரு சொட்டு எண்ணெய், அவ்வளவுதான். சனிக்கிழமை மாலை மெல்லியதாகத் தட்டி, முள்கரண்டியால் குத்தி, ஓரம் கருகாமல் எடுப்பாள். எடுத்த கையோடு வெள்ளைத் துணியில் சுற்றிவிடுவாள். உதிர்ந்த துணுக்கைக்கூட வாயில் போட்டுப் பார்த்ததில்லை.

சபையிலும் அவள் அதைத் தின்றதில்லை. ஏழெட்டு வருஷமாக இதே கதைதான். போதகர் தட்டின் மேலிருக்கும் துணியை விலக்கும்போதே மெல்ல எழுந்து, பின்பக்கத்து அடுக்களைக்குப் போய்விடுவாள். ஆராதனை முடிந்ததும் எல்லோருக்கும் டீ போட வேண்டுமே! "பாவம், நமக்காக எப்படி உழைக்கிறாங்க" என்று பெண்கள் பேசிக்கொள்வது காதில் விழும்போது அவள் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிடுவாள்.

காரணம் அவள் தங்கை. பெற்றோரை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவள். அந்த மாப்பிள்ளை வேலைக்குப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். சவப்பெட்டியைக் கூடத்தில் வைத்திருந்தார்கள். தங்கை அக்காவின் தோளில் சாய்ந்து, "ஏன்க்கா எனக்கு மட்டும் இப்படி?" என்று கேட்டாள். பதிலுக்காகவா கேட்டாள்? கூடச் சேர்ந்து அழுதிருந்தால் போதும். ஆனால் வசனக்காவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பெற்றோரை மதிக்காதவர்களுக்கு என்ன நேரும் என்கிற வசனத்தை எடுத்து, வந்தவர்கள் எல்லோர் காதிலும் விழும்படி, அதிகாரம் எண்ணோடு சொன்னாள்.

தங்கை தோளிலிருந்து தலையை எடுத்தாள். "வெளிய போ!" என்று கத்தினாள். இன்னும் என்னவோ சொன்னாள், அழுகையில் ஒன்றும் விளங்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. இருவரும் ஒரே ஆலயத்துக்கு வந்தார்கள், ஒரே பாட்டைப் பாடினார்கள், ஆளுக்கொரு வாசல் வழியாக வீட்டுக்குப் போனார்கள்.

தான் செய்தது என்னவென்று வசனக்காவுக்குப் பிறகுதான் உறைத்தது. அப்பம் சுடுகிற பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டதும் அதற்கப்புறம்தான். மனஸ்தாபம் இருந்தால் முதலில் போய்ச் சமாதானமாகு என்பதும், தகுதியில்லாமல் திருவிருந்துப் பந்தியில் கை வைக்காதே என்பதும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தங்கை வீட்டுத் தெருமுனை வரை எத்தனையோ தடவை போனாள். அதற்கு மேல் கால் எழவில்லை. ஊருக்கெல்லாம் வசனம் சொல்கிறவள், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று போய் நிற்பதா? அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிடுவாள். இடையில் அவள் கணவரும் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். தங்கை வந்து வாசலோரம் நின்றுவிட்டுப் போனதாக யாரோ சொன்னார்கள். முதலில் தன்னைச் சரிசெய்துகொள்வது, அப்புறம் பந்திக்குப் போவது என்று வசனக்கா மனசில் ஒரு திட்டம் வைத்திருந்தாள். அந்த நாள் வந்தபாடில்லை. தங்கைக்கென்ன, அவள் மேல் தப்பில்லை, நிம்மதியாக வாங்கிச் சாப்பிடுவாள் என்று நினைத்துக்கொள்வாள்.

அந்த ஞாயிறும் வழக்கம்போல அடுக்களைக்கு வந்து, டீப் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு விறுவிறுவென்று யாரோ உள்ளே வந்தார்கள். தங்கை! இருவரும் பேயறைந்தது போல நின்றார்கள்.

"இங்க என்ன பண்ற? உள்ள பந்தி நடக்குதே" என்று வசனக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நீ மட்டும் என்ன பண்றியாம்?"

"டீ போடுறேன்."

தங்கை அடுப்பைப் பார்த்தாள். அது இன்னும் பற்றவைக்கப்படவில்லை.

"நான் எப்பவும் பிள்ளைங்க ரூம்ல போய் உக்காந்துப்பேன். இன்னைக்கு அங்க பெயின்ட் அடிச்சிருக்காங்க."

"எப்பவுமா? ஏன்டி?"

"அன்னைக்கு உன்னை அப்படிச் சொல்லிட்டு, எந்தக் கையால அதை வாங்குறது?"

"வெளிய போன்னுதானே சொன்ன?"

"உன் வீடும் இப்படி இருண்டு போகட்டும்னு சொன்னேன்க்கா. அப்புறம் மாமா போயிட்டாரு. நான்தான் வாய் வச்சுட்டேன்."

"அடி பைத்தியமே! அது என் காதுலயே விழல. சிகரெட்டை விடுங்கன்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டாரு. உன் மாமா கேட்டாரா?"

சொன்ன பிறகு, இப்போது தன் முறை என்று அவளுக்குத் தெரிந்தது. பழக்கதோஷத்தில் மனசு வசனம் ஒன்றைத் தேடியது. ஒன்றுகூட வரவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது.

"உன் புருஷன் பெட்டியில கெடக்கும்போது, நான் வேதத்தை எடுத்து உன்னை அடிச்சேன்டி. என்னை மன்னிச்சுடு."

தங்கை, நிரம்பி வழிந்துகொண்டிருந்த பாத்திரத்துக்கு மேல் கையை நீட்டிக் குழாயை மூடினாள். பிறகு அக்காவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கதவருகே செருமல் கேட்டது. சபை மூப்பர், ஒரு கையில் அப்பத்தட்டும் மறு கையில் கிண்ணமுமாக நின்றார். "நீங்க ரெண்டு பேரும் இந்தப் பக்கம் வந்ததைப் பாத்துட்டு, கொண்டுபோய்க் குடுங்கன்னு போதகர் ஐயா அனுப்பினாரு. எனக்கு முட்டி வலிக்குது. எடுங்கம்மா."

"எனக்குத் தகுதியில்லீங்க" என்றாள் வசனக்கா.

"தகுதி பாத்துக் குடுக்கறதுன்னா நானே இதைத் தொட முடியாதும்மா. சும்மா தர்றதைச் சும்மா வாங்கிக்கணும்."

கிருபையைப் பற்றி அவளுக்கு எத்தனை வசனங்கள் தெரியும்! கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அள்ளிக் கொடுத்திருக்கிறாள். தனக்கென்று ஒன்றைக்கூட எடுத்து வைத்துக்கொண்டதில்லை. அவள் கையை நீட்டவில்லை. தங்கைதான் ஒரு துண்டை எடுத்து இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியை அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

இருவரும் மென்றார்கள்.

"என்னக்கா, இதுல உப்பே இல்ல?"

"உப்பு போடுறதில்லடி."

"இத்தனை வருஷமா இப்படியேதான் சுடுறியா? நல்லாத்தான் இருக்கு."

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் வசனக்கா, கண்ணைத் துடைக்காமலே. "நானும் இன்னைக்குத்தான் திங்கிறேன்."