தட்டைக் கல்லுக்கு அடியில் இருந்த மண்

குன்னூரில் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். எமரால்டு பக்கத்து உருளைக்கிழங்குக்காரர்கள் மண்ணைப் பையில் கட்டிக்கொண்டு வந்து, என்ன உரம் போடலாம் என்று கேட்பார்கள். வரப்போகும் விளைச்சலைப் பற்றித்தான் எல்லோருக்கும் கவலை. மண்ணின் பழங்கதையை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அதனால், கோயமுத்தூரிலிருந்து வந்த தொல்லியல்கார அம்மணி ஒரு சின்னப் பையை நீட்டி, "ஏனுங்க, இந்த மண்ணு முன்னாடி என்ன பண்ணிட்டு இருந்துச்சுன்னு சொல்லுவீங்களா?" என்று கேட்டபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது.

கோத்தகிரிப் பக்கம் எங்கள் எஸ்டேட்டில், தேயிலைக்கு மேலே பழங்காலக் கல்வட்டம் ஒன்று இருக்கிறது. இறந்தவர்களைப் புதைத்துச் சுற்றிலும் பெரிய கற்களை நட்ட இடம். அதற்குக் கீழே, தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில்தான் அம்மாவும் நானும் இருக்கிறோம். மசினகுடியில் ஜீப் ஓட்டும் தம்பி வீட்டுக்கு அம்மா போயிருந்த சமயத்தில் அம்மணி அந்தக் கல்வட்டத்தில் தோண்ட ஆரம்பித்திருந்தார்; பையில் இருந்தது அங்கே எடுத்த மண்.

மலை மண்ணில் புளிப்பு, அதாவது அமிலம், அதிகம். தேயிலைக்கு அதுதான் பிடிக்கும். இந்தப் பை மண்ணில் மட்டும் புளிப்பைக் காணோம். புளிப்பை முறிக்கும் சாம்பல் கலந்திருக்கிறது என்றேன். அம்மணி அதை எடுத்துக்கொண்டு ஊட்டிக் கல்லூரித் தாவரவியல்காரரிடம் ஓடினார். அவர் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, மாடு தின்ற புல்லின் மிச்சம் தெரிகிறது, எரித்த சாணமாக இருக்கும் என்றார். "அப்படீன்னா மாடு மேய்ச்ச சனமுங்க! செத்தவங்களுக்குச் சடங்கு பண்ணி வெச்ச சாம்பலுங்க" என்று அம்மணி துள்ளினார். ஆளுக்கு ஒரு படிப்பைப் படித்த நாங்கள் மூவரும் சேர்ந்து ஒரு மந்தையையே மலையேற்றிவிட்டோம். எனக்கு அந்த நாட்கள் ரொம்பப் பிடித்திருந்தன. உரத்தை விட்டால் வேறு எதையாவது பேச எனக்கு ஆள் கிடைப்பது அபூர்வம்.

மண்ணின் வயது மட்டும் தெரியவேண்டியிருந்தது. அதில் கிடந்த கரித்துணுக்குகளை வெளியூர் ஆய்வகத்தில் இயற்பியல்காரர்கள் எரித்துத்தான் கணக்கிடுவார்கள். திங்கட்கிழமை பையை அனுப்புவதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை அம்மா திரும்பி வந்தாள். கருவாட்டை ஆய்ந்துகொண்டிருந்தவளிடம் என் பெருமையை அளந்தேன். அவள் கை நின்றது.

"எந்த எடத்துல?"

"பெரிய கல்லுக்குக் கெழக்கால."

"மேல தட்டைக் கல்லு ஒண்ணு மூடியிருந்திச்சா?"

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நான்தானே புள்ள மூடினேன்."

அம்மா இலங்கைத் தோட்டத்தில் பிறந்தவள். அவள் அப்பாவை அங்கே புதைத்த கொஞ்ச நாளில் குடும்பத்துக்கு இந்தியாவுக்குக் கப்பலேற அரசாங்க உத்தரவு வந்துவிட்டது. கிளம்பும் அன்று அவர் குழிமேட்டு மண்ணில் ஒரு பிடி அள்ளி, தோட்டத்துக் கோயிலில் சாணம் சுட்டுச் செய்த திருநீற்றைக் கலந்து, முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருக்கிறாள். இங்கே அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. செத்தவர்கள் இடம் என்று ஊரில் சொன்ன கல்வட்டம் கண்ணில் பட்டது. "தெரியாத ஊரு. அவருக்கு நாலு பேரு தொணை இருக்கட்டுமேன்னு வச்சேன்" என்றாள்.

இத்தனை வருடம் வாயைத் திறக்கவில்லையே என்று கத்தினேன். "நீ கேக்கலியே" என்றாள். எனக்குக் கோபம் வந்த வேகத்தில் அழுகையும் வந்துவிட்டது.

"அந்தப் பை இப்ப எங்க?"

"நாளைக்கு அனுப்புறாங்கம்மா. எரிச்சுப் பாத்தாத்தான் வயசு தெரியும்."

"பொதைச்ச மனுசன எரிக்கப் போறீங்களா?"

உடனே அம்மணிக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "காலைல வர்றேனுங்க" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார். அந்தச் சாம்பலை நம்பித்தான் அவர் அறிக்கை நின்றது; எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை பையோடு வீட்டுக்கே வந்து, அம்மா எதிரில் தரையில் உட்கார்ந்தார். "செத்தவங்களுக்கு வெச்சதுன்னு சொன்னது சரிதானுங்க. காலத்துலதான் கோட்டை விட்டுட்டேன்" என்று சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "தெரியாமத் தோண்டிப்போட்டேனுங்கம்மா, மன்னிச்சுக்கோங்க."

"எதுக்கு மன்னிப்பு? தோட்டத்துல அவர யாருன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. இப்ப இத்தனை படிச்சவங்க உக்காந்து, இது யாரு, எங்கேருந்து வந்தாருன்னு தேடியிருக்கீங்களே."

சோதனையில் கரைந்துபோன மண் இனி வராது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "பேத்தி கையாலதானே போச்சு" என்றாள் அம்மா. அவளைக் கட்டிக்கொண்டேன்.

மூவரும் மேலே ஏறினோம். அம்மா மண்ணைப் பழைய இடத்திலேயே கொட்டினாள். பை காலியாகும் முன் அம்மணி கேட்டார்: "இதுவும் இந்த மலையோட சரித்திரந்தானுங்க. ஒரு சிட்டிகை நான் வெச்சுக்கட்டுங்களா? எரிக்க மாட்டேனுங்க."

அம்மா தலையாட்டினாள். பையில் ஒட்டியிருந்த சீட்டில், 'சாம்பல் கலந்த மண். யாருடையது எனத் தெரியவில்லை' என்று எழுதியிருந்தது. அம்மணி அந்தக் கடைசி வரியை அடித்துவிட்டு, "பேரு சொல்லுங்கம்மா" என்றார். அம்மா தன் அப்பா பெயரைச் சொன்னாள். அவர் எழுதினார்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. "படிங்க" என்றாள். அம்மணி படித்தார்.

"இன்னொரு தரம் படிங்க" என்றாள்.