நாகமுத்தருக்குப் பொன்னாடை போர்த்திய நாள்

பல்கலைக்கழகம் வருடத்தில் ஒருநாள் தேசிய வரலாற்றைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும். காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு மணிவரை விரிவுரைகள். சனங்கள் வந்து பார்க்கலாம், கேட்கலாம், கை வைக்கக்கூடாது. இறுப்பிட்டி நாகமுத்தர் பதினொரு வருடமாகப் போகிறவர். ஒவ்வொரு முறையும் கை வைக்கப் பார்த்து, ஒவ்வொரு முறையும் இருத்தப்பட்டவர்.

அவருக்கு எழுபத்தொரு வயது. கொஞ்சப் பனங்காணி, இரண்டு மாடு, கனடாவில் ஒரு மகள், வீட்டில் மனைவி றஞ்சனி. எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவு என்பதால் அவரை எனக்குத் தெரியும். மற்றத் தீவுப் பெடியளைப்போல அவரும் பதினாலு வயதில் தெற்கே கடைக்கு அனுப்பப்பட்டார். மாத்தறைக்கு அப்பால் ஒரு சின்னப் பட்டணம், மாமனுடைய சுருட்டுக்கடை. சாமான் சுற்றிக் கொடுக்கிற பழைய பேப்பரை வாசித்தே சிங்களம் படித்தார். எழுபத்தேழு ஆவணிக் கலவரத்தில் கடை எரிந்தது. உடுத்த சாரத்தோடு ஊருக்கு வந்தார். பிறகு தோட்டம், பிறகு இடப்பெயர்வு, பிறகு திரும்பி வந்து மறுபடியும் தோட்டம்.

இதற்குள் அந்தப் பட்டணத்தின் வரலாற்றை ஒருவர் எழுதிவிட்டார். ஜெயந்த என்ற பேராசிரியர், முந்நூறு பக்கம், சிங்களத்தில். நாகமுத்தர் கொழும்பிலிருந்து எடுப்பித்து இரண்டுதரம் வாசித்தார். விகாரை இருந்தது, ஒல்லாந்தர் இருந்தார்கள், நீதிமன்றத்து மணிக்கூடு இருந்தது, வெள்ளத்தில் செத்த ஒரு யானைகூட இருந்தது. தீவார் என்று அங்கே சொல்லப்பட்ட எங்கள் ஆட்களின் கடைகள் பற்றி ஒரு வரி இல்லை. எண்பத்தெட்டாம் பக்கத்தில் மட்டும் ஓர் அட்டவணை. நகரசபை அனுமதி கொடுத்த கடைகள், எழுபத்தேழில் முப்பத்தொன்று, எழுபத்தெட்டில் பதினேழு. அந்தப் பதினாலு கடைகளும் எங்கே போயின என்று புத்தகம் சொல்லவில்லை. யானைக்கு ஒரு பந்தி கொடுத்தவருக்கு அதற்கு இடம் கிடைக்கவில்லை.

இரண்டாம் பதிப்பு தை மாதம் அச்சுக்குப் போகிறது என்று பேப்பரில் வந்தது. அதில் ஒரு வரி சேர வேண்டும். நாகமுத்தருக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது. இந்த வருடம் பிரதம பேச்சாளர் அதே ஜெயந்த. கூட்டமும் பல்கலைக்கழகத்தில் இல்லை, தீவுப்பக்கம் ஊர்காவற்றுறையில். வரலாற்றை மக்களிடம் கொண்டு போகிறார்களாம். கொண்டுபோகிற செலவை லண்டனில் இருக்கிற ஒரு தீவுப் பணக்காரர் ஏற்றிருந்தார் என்பது பதாகையில் பேச்சாளர்களின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது.

நாகமுத்தர் எழும்பினால் என்ன நடக்கும் என்று ஏற்பாட்டாளர்களுக்குத் தெரியும். முன்னுரை மட்டும் ஆறு நிமிடம் போகும். "தீவார் எழும்பிட்டார்" என்று பின்வரிசை மாணவர்கள் சிரிப்பார்கள். கேள்விகளை எழுதித் தரச் சொல்லிப் பார்த்தார்கள்; எழுதிக் கொடுத்தார், துண்டு காணாமல் போனது, அடுத்த வருடம் மறுபடி எழும்பினார். ஆகவே இந்தமுறை விரிவுரையாளர் வாகீசன் ஒரு வேலை செய்தார். இரண்டு நாளுக்கு முன் அழைப்பிதழோடு வீடு தேடி வந்து, தீவகத்தின் வரலாற்று ஆர்வலராக உங்களை மேடையில் கௌரவிக்கப் போகிறோம் என்றார். றஞ்சனி மாமிக்குச் சந்தோசம் தாங்கவில்லை, பால்தேத்தண்ணி ஊற்றினார். நாகமுத்தருக்கும் சந்தோசம்தான். அதை மறைக்கத் தாடியைச் சொறிந்துகொண்டிருந்தார். பதினொரு வருடம் துரத்தியவர்கள் ஏன் திடீரென்று கும்பிடுகிறார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. பொன்னாடை என்றதும் எங்கள் ஆட்களுக்கு யோசிக்கிற பழக்கம் நின்றுவிடும்.

அன்று காலை அவரை என் ஸ்கூட்டியில் ஏற்றிப் போனேன். மங்கள விளக்கு ஏற்ற ஏழு பேர். தலைமையுரை, வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை. லண்டன்காரரின் வாழ்த்து வீடியோவில் வந்தது, பாதியில் நின்றது, முதலிலிருந்து போட்டார்கள். நான் பல நாடுகளில் இப்படியான மண்டபங்களில் இருந்திருக்கிறேன். நித்திரை எல்லா இடத்திலும் ஒன்றுதான். பேராசிரியர் ஆங்கிலத்தில் நாற்பது நிமிடம் பேசினார். அதை ஒருவர் ஏழு நிமிடத்தில் தமிழில் சொன்னார். எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை.

பிறகு நாகமுத்தரை மேடைக்கு ஏற்றி, மஞ்சள் பொன்னாடை போர்த்தி, பேராசிரியருக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தினார்கள். அடுத்தது கேள்வி நேரம். அவர் மைக்குக்குக் கை நீட்டினார். வாகீசன் குனிந்து காதில் சொன்னது முன்வரிசையில் இருந்த எனக்கும் கேட்டது.

"ஐயா, மேடையிலை இருக்கிறவை கேள்வி கேக்கிறேல்லை. சபையிலை இருக்கிறவைக்குத்தான்."

அது உண்மை. எங்கள் பக்கத்தில் மேடையில் இருப்பவர் கூட்டக்காரரின் ஆள். போர்த்த சால்வையோடு விருந்தாளியை மடக்குவது, சாப்பிட்ட வீட்டிலேயே கறியைப் பழித்த மாதிரி. நாகமுத்தர் கையை மடியில் வைத்தார். தன்னை என்ன செய்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. ஒரு மாணவி சோழர் படையெடுப்பைப் பற்றிக் கேட்டாள். இன்னொருவர் தன் தகப்பனைப் பற்றிக் கேள்வி மாதிரி ஒன்றைப் பேசினார். நேரத்தின் அருமை கருதி இன்னும் ஒரேயொரு கேள்வி என்றார் வாகீசன்.

நாகமுத்தர் எழும்பினார். பொன்னாடையைக் கழற்றி, நாலாக மடித்து, கதிரையில் வைத்தார். மேடைப் படியால் இறங்கினார். முழங்கால் வருத்தக்காரர், நாலு படிக்கு நல்ல நேரம் எடுத்தது. சபையில் இருந்த மைக்குக்கு முன்னால் போய் நின்றார்.

"இப்ப நான் சபைதானே, தம்பி" என்றார்.

முன்னுரை இல்லை. முதலில் சிங்களத்தில் கேட்டார், பிறகு அதையே எங்களுக்குத் தமிழில் சொன்னார். எண்பத்தெட்டாம் பக்கத்திலே முப்பத்தொரு கடை ஒரு வருசத்திலே பதினேழாயிருக்கு. மிச்சம் பதினாலும் பறந்து போச்சுதோ?

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தார். வணிகச் சூழலில் ஏற்பட்ட மாற்றம் என்றார். ஆவண ஆதாரம் போதாது, மேலதிக ஆய்வு தேவை என்றார். ஆதாரம் கடையோடு சேர்ந்து எரிந்தது, பெயர்களை நான் சொல்கிறேன் என்று நாகமுத்தர் சொல்லத் தொடங்கினார். கடை, முதலாளி, தெரு. பதினொன்று சொன்னார். பிறகு நின்றுபோனார். விரல் மடித்துப் பார்த்தார், மிச்சம் மூன்றும் வரவில்லை. பின்வரிசையில் சிரித்தார்கள். வாகீசன் மைக்கைப் பிடித்து, ஐயாவுக்கே ஞாபகம் இல்லை, ஆகவே இத்துடன் என்று தொடங்கினார்.

நாகமுத்தர் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. பேராசிரியரைப் பார்த்துச் சொன்னார்.

"மூண்டு பேரை நான் மறக்க நாப்பத்தெட்டு வருசம் எடுத்தது. நீங்கள் ஒரு புத்தகத்துக்குள்ளை பதினாலு பேரையும் மறந்துபோட்டியள்."

இதைச் சிங்களத்திலும் சொன்னார். பின்வரிசை அடங்கியது. பேராசிரியர் ஓர் அடிக்குறிப்புப் போடலாம் என்றார். அடிக்குறிப்பு என்றாலும் பரவாயில்லை, இப்பவே எழுதுங்கோ என்றார் நாகமுத்தர். முந்நூறு பேருக்கு முன்னால் வேறு வழியில்லாமல் அந்த மனிதர் பேனையை எடுத்து, நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் பதினொரு பெயரையும் எழுதினார். நான் கிட்டப்போய் அதைப் போனில் படம் எடுத்தேன். அதற்கு மேலாலேயே நன்றியுரை போய்க்கொண்டிருந்தது.

பிறகு குழுப்படம், பற்றிஸ், தேத்தண்ணி. எல்லாரும் எழும்பிப் போனபின் பார்த்தால், நிகழ்ச்சி நிரல் மேடை மேசையிலேயே கிடந்தது. மேலே தேத்தண்ணிக் கோப்பை ஒன்று. கோப்பையின் வட்டம் இரண்டு பெயர்களுக்கு மேல் விழுந்திருந்தது.

நாகமுத்தர் கோப்பையைத் தூக்கி அப்பால் வைத்தார். கடதாசியைச் சாரத்தில் ஒற்றி எடுத்துக்கொண்டு, முழங்காலையும் இழுத்துக்கொண்டு வெளியே போனார். பேராசிரியரின் வாகனம் வெளிக்கிட ஆயத்தமாக நின்றது. கண்ணாடியில் தட்டினார். கண்ணாடி இறங்கியது, கடதாசி உள்ளே போனது, கண்ணாடி ஏறியது.

திரும்பி வந்தவரிடம் பேராசிரியர் என்ன சொன்னவர் என்று கேட்டேன்.

"மறந்துபோனாராம். சட்டைப் பொக்கெற்றுக்குள்ளை வைச்சவர்" என்றார். "தோய்க்கப் போடேக்கை என்ன நடக்குமோ தெரியாது. நீர் படம் எடுத்தனீரெல்லே?"

ஓம், எடுத்தனான் என்றேன்.

"அப்ப இண்டைக்கே அனுப்பும், பிள்ளை. வாற கிழமையும் அனுப்பும். தை மட்டும் கிழமைக்கு ஒருக்கா அனுப்பும்."

அனுப்பிக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஆறு கிழமை. பேராசிரியரின் மின்னஞ்சலிலிருந்து வருகிற தானியங்கிப் பதில் மிகவும் மரியாதையாக எழுதப்பட்டிருக்கிறது.