நைனாவுக்குத் தாடி ஆகாது

நைனாவின் முதலாண்டு நினைவு நாளில் படிக்க அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, "அந்தச் சவர விஷயத்தை மட்டும் விட்டுவிடு" என்று உறவில் சிலர் சொன்னார்கள். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். நைனாவுக்குக் கடைசிச் சவரம் செய்தவள் அவர் பெற்ற மகளாகிய நான். சவரத்துக்கு ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அதில் எனக்கு வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை.

நைனா பிறந்தது முகத்துவாரக்குப்பத்தில். கடலுக்குப் போகும் குடும்பம்தான், ஆனால் படகில் ஏறினாலே அவருக்குக் குமட்டும். அதைச் சொல்லிக் கேலி செய்தவர்கள் கண்ணெதிரிலேயே திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் வெல்டராகச் சேர்ந்து, காலடிப்பேட்டையில் குடும்பம் நடத்திக் காட்டினார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ராயபுரத்தில் பழைய கப்பல் சாமான்கள் விற்கும் கடையில் ஒரு சவரப் பிரஷ் வாங்கினார். எலும்புக் கைப்பிடி. யாரோ கேப்டன் வைத்திருந்தது என்று கடைக்காரர் அளந்தாராம். கேப்டன் கதை புளுகாக இருக்கலாம், பிரஷ் அசல்.

தினமும் காலையில் குழாயடியில் கண்ணாடியை மாட்டி, முகம் முழுக்க நுரை போட்டு, அவசரமில்லாமல் சவரம் செய்வார். அம்மா இறந்த மறுநாளும் அப்படித்தான் நின்றார். பெண்டாட்டி போன துக்கம்கூட இல்லாத மனுஷன் என்று தெருவே பேசியது. "அவளுக்குத் தாடி புடிக்காது. இன்னா பேசிக்கினாலும் பேசட்டும்" என்றார். அழுதுகொண்டேதான் சவரம் செய்தார். பேசியவர்கள் அதைப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள் கம்பெனி வாசலில் பூட்டு தொங்கியது. முன்னறிவிப்பு எதுவும் இல்லை. மனம் விட்டுப்போய் பலர் தாடி வளர்த்துக்கொண்டார்கள். நைனா மட்டும் மழமழவென்ற முகத்தோடு போய் வாசலில் நிற்பார். "தாடி வெச்சா நாம தோத்துட்டோம்னு மொதலாளி நெனச்சுக்குவான். நான் வேலைக்கு வந்துகினுதான் கீறேன், அவன்தான் கதவைத் தொறக்கல" என்பார். பிறகு கூலிக்கு வெல்டிங் செய்து எங்களை ஆளாக்கினார். ஆண்டுதோறும் பூட்டு விழுந்த அதே நாளில் தொழிலாளர்கள் அந்த வாசலில் கூடுவார்கள். நைனா ஒருமுறையும் தவறியதில்லை.

அப்புறம் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சு குழறியது. பிரஷும் அதற்குள் பாழாகியிருந்தது. வருஷக்கணக்காக ஈரக் குவளையிலேயே நின்றதில் முடி கொட்டி, கைப்பிடி விரிசல் விட்டிருந்தது. அம்பத்தூரிலிருந்து அண்ணன் கரண்டில் ஓடும் சவர மெஷின் வாங்கிவந்தார். ஆசையாகத்தான் வாங்கினார். நைனா இடது கையால் தள்ளிவிட்டார். தாடி வளர்ந்தது. வாசலில் கூடும் நாள் நெருங்கியபோது, "நான் வரல. இந்த மூஞ்சோட வரமாட்டேன். அவன் ஜெயிச்சுட்டான்" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டதை என்னால் தாங்க முடியவில்லை.

அன்றே பிரஷைக் கையில் எடுத்தேன். கைப்பிடிக் குழிக்குள் மிச்சமிருந்த முடியையும் பழைய பசையையும் கொக்கி ஊசியால் நோண்டி எடுத்தேன். எலும்பை ஊறப்போட்டால் இன்னும் பிளக்கும் என்று ஈரத்துணியால் மட்டும் சோப்புக் கறையைத் துடைத்து, பல்பொடி வைத்துத் தேய்த்தேன். விரிசலில் பசை விட்டு நூலால் இறுக்கிக் காயவைத்தேன். முடிக்கு டோல்கேட்டில் கறிக்கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன். அவர் நைனாவின் நெடுநாள் தோஸ்து. கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். "தாடியே வெக்காத மனுசனுக்கு ஆட்டுத் தாடியா? எட்த்துக்கினு போம்மா!"

அதை நன்றாக அலசி உலர்த்தி, கட்டி, குழியில் ஒட்டினேன். நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளில் நூல் பிசிறு வெட்டும் வேலை செய்பவள். நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. நுனிகளைக் கத்தரியால் ஒரே சீராக நறுக்கிவிட்டேன். நைனாவின் கன்னத்தில் வைத்ததும் துள்ளினார். "குத்துதும்மா! இது இன்னா சட்டையா?" என்று கோணிய வாயோடு சிரித்தார். நோய் வந்த பிறகு அன்றுதான் முதலில் சிரித்தார். வெட்டிய நுனிதான் குத்துகிறது என்று புரிந்து, மறுபடி பாய் கடைக்கு ஓடினேன். இந்த முறை முடியை டம்ளரில் நுனி கீழாகப் போட்டுத் தட்டித் தட்டிச் சமன் செய்து, அடிப்பக்கத்தை மட்டும் வெட்டி ஒட்டினேன். பூ மாதிரி இருந்தது.

வாசலுக்குப் போகும் நாள் காலையில் நுரையும் கையுமாக நான் நிற்கும்போது அண்ணன் வந்தார். "பொம்பளப் புள்ள சவரம் பண்றதா? நாலு பேரு இன்னா சொல்லுவான்? தள்ளு, ஆளை இட்டுக்கினு வரேன்."

"நைனாவைக் கேளு அண்ணா" என்றேன்.

நைனா மோவாயை என் பக்கம் உயர்த்திக் காட்டினார். அன்று ஆட்டோவில் போய் இறங்கி, என் தோளைப் பிடித்தபடி, மழமழ முகத்தோடு வாசலில் நின்று இடது கையை உயர்த்திக் கோஷம் போட்டார். கதவு திறக்கவில்லை. அதனால் என்ன?

அடுத்த ஆண்டும் போனார். அதற்கடுத்த ஆண்டு அவர் இல்லை. அவருடைய துணிமணிகளோடு பிரஷையும் கடலில் விடச் சொன்னார்கள். கடல்தான் அவருக்கு ஆகாதே! அவரை எடுப்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை அவர் முகத்தில் நுரை போட்டுச் சவரம் செய்து, பிரஷை அலசி, தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்தி, நான் வைத்துக்கொண்டேன்.

நைனாவின் நோய்க்காலத்தில் தாங்கிய தெருவாருக்கும், வாசலில் அவருக்கு இடம் விட்டு நின்ற தோழர்களுக்கும், இரண்டு முறையும் முகம் கோணாமல் ஆட்டுத் தாடி கொடுத்த பாய்க்கும் எங்கள் நன்றி. என்னைத் தூற்றியவர்களும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

துக்கத்துக்காக அண்ணன் இந்த ஓராண்டாகத் தாடி வைத்திருக்கிறார். அவர் பாசம் எனக்குத் தெரியும். ஆனாலும் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன். அண்ணா, வாசலில் கூடும் நாள் வருகிறது, இந்த முறை நைனா இடத்தில் நீதான் நிற்க வேண்டும். குழாயடியில் கண்ணாடி மாட்டியாச்சு. ஆளைத் தேடாதே. வந்து உட்காரு.