கருங்கடற்கரைக் கழகத்தின் பருத்திச் சட்டை

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில், என் மனைவியின் பட்டுப்புடவைகளுக்கு மேலே, அந்துருண்டை மணக்க, துருக்கி நாட்டுக் கால்பந்துக் கழகம் ஒன்றின் பழஞ்சட்டைகள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. கருஞ்சிவப்பும் நீலமும் அக்கழகத்தின் வண்ணங்கள். ஒவ்வொரு சட்டையிலும் மார்பின் குறுக்கே ஒரு நீண்ட தையல் ஓடும். அது என் மனைவியின் கைவேலை. "உங்க துருக்கிக்காரங்க வந்த பொறவு என் பொடவைங்கள்லாம் கீழ போயிடுச்சி" என்று ஒவ்வொரு பண்டிகைக்கும் பெட்டியைத் திறக்கையில் அவள் சொல்வாள்.

கல்லூரியில் தமிழ் கற்பித்து நான் ஓய்வு பெற்ற கோடையில், உலகக் கோப்பைப் போட்டிகள் ஆசிய மண்ணில் நடந்தன. பகற்பொழுதை என்ன செய்வதென்று அறியாதிருந்த எனக்கு, பட்டப்பகலில் தொலைக்காட்சியில் வந்த அப்போட்டிகள் பெருந்துணையாயின. யாரும் எதிர்பாராத துருக்கியர் அரையிறுதி வரை ஏறிச் சென்றதைக் கண்டு மகிழ்ந்தேன். அம்மகிழ்ச்சி அடங்குவதற்குள், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்து என் நண்பர் நடத்திய கிடங்கில் முதற்சட்டை என் கையில் கிடைத்தது.

நண்பர் பழவேற்காட்டு வணிகக் குடும்பத்தவர். பள்ளியில் என்னோடு ஒரே பலகையில் அமர்ந்தவர். நான் அவரைப் 'பாய்' என்பேன். அவர் என்னை 'வாத்தியாரே' என்பார். வெளிநாட்டார் உடுத்துக் கழித்த துணிகள் பொதி பொதியாக அவர் கிடங்குக்கு வரும். அவற்றை மீண்டும் ஆடையாக விற்றுவிடக் கூடாதென்பதற்காக, கந்தல் என்ற பெயரில் இறக்குமதியாகும் துணிகளை முன்னமே குறுக்கே கிழித்துத்தான் அனுப்புவார்கள். கிடங்குப் பெண்கள் அவற்றின் கழுத்துப்பட்டையையும் பொத்தானையும் வெட்டி நீக்கி, துண்டு துண்டாக்கிப் பட்டறைகளுக்கு அனுப்புவார்கள். இயந்திரங்களின் எண்ணெயைத் துடைக்க அத்துண்டுகள் பயன்படும்.

அங்கே கண்ட கிழிந்த சட்டையின் சின்னத்தைத் தாளில் வரைந்துகொண்டு போய், கடைத்தெரு இணைய நிலையத்தில் அமர்ந்து தேடினேன். கருங்கடற்கரை நகரம் ஒன்றின் கழகம் அது. அந்நாட்டில் வாகை என்பது ஒரு மாநகரத்துப் பெருங்கழகங்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்த பொருள். அதை முதன்முதலில் அம்மாநகருக்கு வெளியே கொண்டுசென்றவர்கள் இவர்கள். எந்த ஊர் என்று யார் வினவினாலும் 'சென்னைக்குப் பக்கம்' என்று விடை சொல்லியே வாழ்நாளைக் கழித்தவன் நான். அக்கழகத்தின் மீது எனக்கு அன்பு பிறக்க வேறு காரணம் வேண்டியிருக்கவில்லை.

அன்றே பாயிடம் என் விருப்பத்தைத் தெரிவித்தேன். அதன்பின் மாதம் ஒன்றோ இரண்டோ வந்தன. சில மாதங்கள் வெறுமையாகவும் கழிந்தன. வந்தவை யாவும் செயற்கையிழைச் சட்டைகள். மார்பில் விளம்பரம் அச்சிடப்பட்டவை. நான் ஏங்கியதோ வேறொன்றுக்கு. அக்கழகம் முதல் வாகை சூடிய காலத்துச் சட்டை பருத்தியால் ஆனது; நீண்ட கைகளும், முதுகில் தனித்துணியில் வெட்டித் தைத்த எண்ணும் கொண்டது. இணைய நிலையத்தின் மங்கிய படத்தில் அதைக் கண்ட நாள் முதல் வேறு எதுவும் எனக்கு நிறைவளிக்கவில்லை. ஐந்தாறு ஆண்டுகளில் அப்படி ஒன்றுகூட வரவில்லை. பருத்திக் காலத்துச் சட்டைகள் துருக்கியிலேயே மக்கிப் போயிருக்க வேண்டும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஒரு நாள் முற்பகலில் கிடங்கில் பாயோடு பேசிக்கொண்டிருந்தேன். துணி வெட்டும் அம்மையார் ஒருவர் கொதிக்கும் தேநீர்ப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தார். பாத்திரத்தின் விளிம்பைப் பற்றியிருந்த துணியைப் பார்த்தேன். கருஞ்சிவப்புப் பருத்தி. அதன்மேல் வெள்ளைத் துணியில் தைத்த எட்டு என்னும் எண்.

"அம்மா, இத்துணி எங்கிருந்து வந்தது?" என்றேன்.

"இதுவா சார்? பனியன் முதுகு. தடிப்பா தச்சிருக்கு, தொடைக்க ஆவாது. சூடு தாங்குதேன்னு எடுத்து வெச்சிக்கினேன்."

நான் பாயை நோக்கினேன். "இத்தகைய பருத்திச் சட்டைகள் வருவதுண்டா?"

"வராம இன்னா? எப்பவாவது வரும். காட்டன் வந்தா மொத வண்டியிலயே போயிடும். எண்ணெய நல்லா உறிஞ்சும்ல."

"எனக்கு ஒன்றுகூட நீர் எடுத்து வைக்கவில்லையே?"

"நீ இன்னா சொன்ன? 'உமக்குப் பயன்படாதவற்றை மட்டும் தாரும்'னு சொன்ன. பொஸ்தகத்துல இருந்து படிக்கிற மாரி சொன்ன. அதான் எண்ணெய உறிஞ்சாத பாலியஸ்டரா பாத்துப் பாத்து எடுத்து வெச்சேன். அதுக்குனே ஒரு சாக்கு தனியா கட்டி வெச்சிருக்கேன், பாரு."

உண்மை. அவர் என்னிடம் விலை வாங்க மாட்டார் என்பதால், அவருக்கு இழப்பு நேரக்கூடாதென்று நான் அவ்வாறு கூறியிருந்தேன். அவரும் என் சொல்லை எழுத்துப் பிசகாமல் காத்து, நான் தேடிய சட்டைகளையெல்லாம் இத்தனை ஆண்டுகள் பட்டறைகளுக்கு அனுப்பியிருக்கிறார்.

"மொதல்லயே காட்டன் வோணும்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா வாத்தியாரே? பேஜாரு புட்ச்ச ஆளுயா நீ" என்று அலுத்துக்கொண்டவர், அந்த அம்மையாரிடம் மீதித் துணியைப் பற்றி வினவினார். உடற்பகுதி துண்டுகளாகிப் போயிற்று. கைகள் இரண்டும் திருவள்ளூரை அடுத்த காக்களூர்ப் பட்டறை ஒன்றில் இரும்பைப் பற்றவைப்பவர் ஒருவருக்குப் போயின. தீப்பொறி தெறித்தால் செயற்கையிழை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஆதலால் பற்றவைப்போர் நீண்ட பருத்திக் கைகளை விரும்பிக் கேட்டு வாங்கி மாட்டிக்கொள்வார்களாம்.

மறுநாள் பாயின் சிறிய சரக்கு வண்டியில் கவரைப்பேட்டை, பெரியபாளையம் வழியாகக் காக்களூர் சென்றோம். பட்டறை வாயிலில் ஒருவர் கண்மறைப்பை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய இரு கைகளிலும், முழங்கைக்கு மேல் நாடாவால் இறுக்கி, கருஞ்சிவப்பும் நீலமும். பொறி பட்ட சிறு துளைகள் வானத்து மீன்களைப் போல் அதில் சிதறியிருந்தன.

வந்த நோக்கத்தைச் சொன்னேன். அவர் என்னையும் பாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத்தப் போட்டுக்கினுதான் நைனா வேலயே செய்றேன். உனுக்குக் குடுத்துட்டா என் கை வெந்துடும். நீயா வந்து மருந்து போடுவ?"

"போடுவாரு. போடும்போதே இலக்கணம் சொல்லிக் குடுப்பாரு. எரிச்சலு மறந்துடும்" என்றார் பாய்.

பற்றவைப்பவர் சிரித்தார். ஆயினும் நாடாவை அவிழ்க்கவில்லை. இந்த ஒட்டுத்துணியில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டார். நான் அக்கழகத்தின் கதையைக் கூறினேன்: மாநகரத்துப் பெருங்கழகங்கள், கடற்கரை நகரம், முதல் வாகை. அவர் குவளையைக் கீழே வைத்துவிட்டு இறுதிவரை கேட்டார். "மெட்ராஸ் டீமையெல்லாம் திருவள்ளூர் டீமு தூக்குன மாரியா?" என்றார். அப்படியே கொள்ளலாம் என்றேன். மாற்றாக வேறு கைகள் கொண்டுவருகிறேன் என்று சொல்லி விடைபெற்றேன்.

வீட்டில் நடந்ததை உரைத்தபோது என் மனைவி பெருமூச்செறிந்தாள். பிறகு பீரோவிலிருந்து மருமகனின் பழைய தடித்த நீலக் காற்சட்டையை எடுத்துத் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தாள். "அந்த ஆளு கை மொத்தமா, ஒல்லியா? அதக்கூடப் பாக்காம வந்துட்டீங்களா?" என்று கேட்டாள். நான் துணியைப் பார்த்தேனேயன்றிக் கையைப் பார்க்கவில்லை. இழுத்து இறுக்கும்படி கயிறு கோத்து, இரண்டு அடுக்காகத் தைத்து முடித்தாள்.

அந்தத் துணிக் கைகளை எடுத்துக்கொண்டு மீண்டும் போனோம். என் மனைவி தைத்தவை என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் ஒன்றை வலக்கைத் துணியின் மேலேயே மாட்டிக்கொண்டு, எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, ஓர் இரும்புச் சட்டத்தைப் பற்றவைத்துப் பார்த்தார். பொறிகள் தெறித்து விழுந்தன, துணி தாங்கியது. "அம்மா நல்லா தச்சிருக்குது" என்றார். வலக்கையிலிருந்த துருக்கித் துணியைக் கழற்றி, உதறி, நான்காக மடித்து என்னிடம் நீட்டினார். நான் அடுத்ததற்காகவும் கையை நீட்டியபடி நின்றேன்.

"அது எனக்கு, நைனா. கத சொல்லிட்டுப் போயிட்ட. அப்பால எப்டி கழட்றது? பசங்களான்ட எல்லாம் சொல்லிட்டேன், இது சாம்பியன் கைன்னு."

பாய் என்னைத் தன் முழங்கையால் இடித்தார். "இதுக்கும் ஏதாவது 'பயன்படாதவற்றை'ன்னு சொல்லப்போறியா?"

பற்றவைப்பவரின் கரி படிந்த கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தேன்.

கிடங்கு அம்மையாருக்குப் புதிய பிடிதுணி இரண்டு தைத்துக் கொடுத்து, எட்டாம் எண்ணை வாங்கி வந்தாள் என் மனைவி. அதன் ஓரத்தில் பால் பொங்கிய கறை உண்டு. அதையும் அந்த ஒரு கையையும் சட்டை வடிவில் வெட்டிய ஒரு வெள்ளைப் பருத்தித் துணியின் மேல் அதனதன் இடத்தில் வைத்துத் தைத்தாள். பொறி பட்ட துளைகளை இழையோட்டி மூடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். மற்றொரு கையின் இடத்தைச் நீலச் சுண்ணக்கட்டியால் கோடு மட்டும் வரைந்து விட்டுவைத்திருக்கிறாள்.

காக்களூர்ப் பக்கம் சரக்கு இறக்கப் போய்வரும் நாள்களில் பாய் தவறாமல் எனக்குச் செய்தி சொல்வார். "இன்னும் போட்டுக்கினுதான் இருக்கான், வாத்தியாரே. மொழங்கையான்ட காட்டனுக்கு மேலால ஒட்டு போட்டிருக்கான்." நான் ஒட்டுத்துணியின் நிறம் என்ன என்று கேட்பேன். கருஞ்சிவப்பு என்று அவர் சொன்ன நாளில், அவர் கிடங்கில் எனக்கென்று கட்டி வைத்திருந்த சாக்கைப் பிரித்துப் பார்த்தேன். நான் எண்ணி வைத்திருந்ததில் ஒரு சட்டை குறைந்திருந்தது.