சாமி என்று விலகி நின்றார்கள்

உறுமியின் வளைந்த குச்சி தோலில் இழுபட்டு நின்றுபோன சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ரந்தாவ் ஊருக்குப் பக்கத்தில் எங்கள் எஸ்டேட் மாரியம்மன் கோவில் திருவிழா அது. உறுமி அடித்துக்கொண்டிருந்த என் அண்ணன் உடல் நடுங்க, கண்கள் மேலே செருக, மண்ணில் சாய்ந்தார். சில நாளாகவே அவருக்குக் காய்ச்சல். விரதத்தோடு செண்டாயானில் தொழிற்சாலை வேலைக்கும் போய் வந்தார். மூச்சு வாங்குகிறது என்று அவர் சொன்னபோது, பசி மயக்கம் என்றார்கள் வீட்டில்.

உறுமிக்காரருக்குச் சாமி வருவது எங்கள் பக்கம் புதிதல்ல. கூட்டம் வட்டமாக விலகியது. "வந்திருக்கறது யாரு? சொல்லு!" என்று பூசாரி அதட்டினார். பதில் இல்லை. நடுக்கமும் அடங்கிவிட்டது. சாமி மலையேறியதும் ஆள் தண்ணீர் கேட்பார்; அண்ணன் கேட்கவில்லை. குனிந்து பார்த்தேன். மூச்சே இல்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். கல்லூரியில் கற்ற முதலுதவியை அதுவரை பொம்மையின் மேல்தான் செய்திருந்தேன். அண்ணனின் நெஞ்சில் இரு கைகளையும் ஊன்றி அழுத்தத் தொடங்கினேன்.

"சாமி மேல கை வைக்காத, புள்ள!" என்று கூட்டத்திலிருந்து மாமா கத்தினார்.

"சாமி இல்ல மாமா, நெஞ்சு நின்னுருச்சு! ஆம்புலன்ஸ கூப்புடுங்க லா!"

ஆம்புலன்ஸ்காரர்கள் மின்அதிர்ச்சி கொடுத்ததும் துடிப்பு திரும்பியது. மருத்துவமனையில் மறுபடி நின்றது. வைரஸ் காய்ச்சல் இதயத் தசையையே வீங்க வைத்துவிட்டது என்றார் டாக்டர். எக்மோ ஒன்றுதான் வழி. இரத்தத்தை வெளியே இழுத்து, பிராணவாயு ஏற்றி, திரும்ப உடம்புக்குள் தள்ளும் இயந்திரம். அது இதயத்தைக் குணமாக்காது, தேறும்வரை உயிரைத் தாங்கும். தேறாமலும் போகலாம் என்றார். அவர் மலாயில் சொன்னதை அம்மாவுக்கு நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

"அவன் நெஞ்சு வேல செய்யலையா?" என்றார் அம்மா.

"மெஷின் செய்யுதும்மா. நெஞ்சு ஓய்வு எடுக்குது. தானா எழுந்திருக்குமான்னு யாருக்கும் தெரியாது."

அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவையே பார்த்தபடி இருந்தார். "எம்புள்ள ஒரு நாளும் லீவு எடுத்ததில்ல. எடுக்கட்டும் லா."

கருஞ்சிவப்பாக ஒரு குழாயில் வெளியேறிய இரத்தம், பளிச்சென்ற சிவப்பாய் இன்னொன்றில் திரும்பியது. என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வராந்தாவில் நடந்தேன், திரும்பினேன், மீண்டும் நடந்தேன். படித்தவள் என்பதால் ஒவ்வொரு சொந்தக்காரரும் என்னிடமே கேட்டார்கள், "பொழைச்சுக்குவானா?" என்று. இயந்திரத்தின் வேகத்தை மருத்துவக் குழுவினர் சிறிது சிறிதாகக் குறைத்துப் பார்த்த நாளில் டாக்டரின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை, குழாயையே பார்த்தேன். "இதயம் தானே தாங்குகிறது" என்று அவர் மலாயில் சொன்னபோது, அம்மாவிடம் அதைச் சொல்ல எனக்குத் தமிழே வரவில்லை. என் முகத்தைப் பார்த்து அம்மாவே புரிந்துகொண்டார்.

அண்ணன் இப்போது மாத்திரைகளோடு லேசான வேலைக்குப் போகிறார். மத்தியானம் அவர் கண்ணயர்ந்தால் நான் வாசற்படியில் நின்று அவர் சட்டையைக் கவனிக்கிறேன். சந்தேகம் வந்தால் மூக்கருகே விரலை நீட்டுகிறேன். நேற்றும் நீட்டினேன்.

கண்ணைத் திறக்காமலே அண்ணன் சொன்னார்: "இன்னும் இருக்கேன், பாப்பா. செத்தா மொதல்ல ஒனக்குத்தான் சொல்லுவேன். போய் ஒக்காரு."

உட்கார்ந்தேன், சட்டை ஏறி இறங்குவது தெரிகிற இடமாகப் பார்த்து.