பாக்கியசாமியின் சிரிப்பு

நெய்வேலி மைன்ஸில் மண்வெட்டும் ராட்சத எந்திரத்தை ஓட்டியவர் பாக்கியசாமி. அந்த இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. தூசிக்காகப் பாதி முகத்தைத் துணி மூடியிருக்கும். யாராவது கைச்சாடையில் கேலி செய்தால், பார்த்தவன் தன் ஹெல்மெட்டை இரண்டு முறை தட்டுவான். சிரித்துவிட்டேன் என்று பொருள். இருபத்தாறு வருஷம் அப்படிச் சிரித்தவருக்குப் பார்க்கின்சன் நோய் வந்து முகம் இறுகிப்போனபோது, புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை. வீட்டில் மேசையைத் தட்டினார்.

தட்ட வைப்பது வினோலியாவின் வேலை. அவருடைய தம்பி மகள்; தம்பி ஆரோனும் அவன் மனைவியும் குள்ளஞ்சாவடி ரோட்டில் விபத்தில் போனபின் அவரிடம் வந்தவள்; வயது எட்டு. சும்மா இருந்தால் நடுங்கும் அவர் கை, பின்னிவிட அவள் தலைமுடியைப் பிடித்ததும் அடங்கிவிடும். ஆனாலும் இரட்டைப் பின்னலுக்கு முக்கால் மணி நேரம். அதற்குள் ஒரு ஷிப்டே முடிந்துவிடும் என்பாள் அவர் மனைவி மார்த்தாள்.

குழந்தையை இவர்களிடமே விடலாமா, கடலூரில் ஒரு விடுதிக்கு அனுப்பலாமா என்று பார்க்க விஜயலட்சுமி என்ற குழந்தைகள் நல அதிகாரி குவார்ட்டர்ஸுக்கு வந்தார். அவர் எதிரிலேயே வினோலியா, ஸ்கூல் பஸ்ஸில் மயில் ஏறி டீச்சர் சீட்டில் உட்கார்ந்த கதையைச் சொன்னாள். பாக்கியசாமி மேசையைப் பலமாகத் தட்டினார். அதிகாரி குனிந்து எழுதிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து அலுவலகத்துக்கு வரச்சொல்லி அறிக்கையில் கையெழுத்துக் கேட்டார்கள். 'குழந்தை பேசினால் மேசையைத் தட்டி அடக்குகிறார். முகத்தில் பாசம் தெரியவில்லை. விடுதி நல்லது.'

விஜயலட்சுமி கெட்டவர் அல்லர். கண்ணால் கண்டதை மட்டும் எழுதுகிறவர். ஒருவருடைய மனத்துக்கு முகம் ஒன்றே வாசல் என்று நாமும்தான் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

மார்த்தாள் சண்டைக்கு எழுந்தாள். பாக்கியசாமி அவள் புடவை நுனியைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அது சிரிப்புங்க," என்றார். குரலும் தேய்ந்திருந்தது.

கேலி செய்கிறார் என்று அதிகாரிக்குத் தோன்றியிருக்க வேண்டும். மார்த்தாள் நீட்டிய டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு, நோய் இருப்பது தெரிகிறது, பாசம் இருப்பது இதில் இல்லையே என்றார். பிறகு அறிக்கையோடு பக்கத்து அறைக்குப் போய், வெளியே பெஞ்சில் இருந்த வினோலியாவைத் தனியாக அழைத்துக் கேட்டார். கதவு திறந்தே இருந்தது.

"பெரியப்பா மேசையைத் தட்டினா பயமா இருக்குமா?"

"பயமா? தட்டத்தான் மேடம் கதையே சொல்றேன். நேத்து ஒரு தடவகூடத் தட்டல. கதை மொக்கை."

அதிகாரி பேனாவை மூடினார். மறுபடி திறந்து, கடைசி வரியை அடித்தார். குழந்தை பெரியப்பாவிடமே இருக்கலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்று எழுதி, திரும்பி வந்து கையெழுத்துக்கு நீட்டினார். மன்னிப்பு ஏதும் கேட்கவில்லை.

பாக்கியசாமி ஒவ்வோர் எழுத்தாகப் போட்டு முடித்தார். பிறகு அவர் ஏதோ சொன்னார். விஜயலட்சுமிக்குக் கேட்கவில்லை. நாற்காலியை விட்டெழுந்து, மேசையைச் சுற்றி வந்து, அவர் வாயருகே குனிந்தார்.

"காலையில பத்து மணிக்கு வாங்க மேடம். அப்பத்தான் மாத்திரை வேலை செய்யும். நல்லாப் பேசுவேன்."

அதையும் அவர் எழுதிக்கொண்டார்.